டோர் பேட் ஆடுகிறது, கூரைத் துணி தொங்குகிறது: வீட்டிலேயே சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரையான் | செல்லூர் | ஞாயிறு, காலை 7:10

அப்பாவின் 2013 மாடல் ஹாட்ச்பேக் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. உள்ளே உட்கார்ந்தால்தான் தகரக் கொட்டகைக்குள் இருப்பது போல இருக்கிறது.

ஓட்டுநர் பக்க டோர் பேட், அதாவது கதவின் உட்புறத்தை மூடும் பிளாஸ்டிக் பலகை, அடிப்பகுதியில் விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்து நிற்கிறது. கதவைச் சாத்தினால் இரண்டு சத்தம்: ஒன்று கதவுடையது, இன்னொன்று பேடுடையது. பின்னிருக்கைக்கு மேலே கூரைத் துணி பந்தல் போல இறங்கி, அத்தையின் கொண்டையில் உரசுகிறது. மூன்றாவது தொல்லை, டேஷ்போர்டில் எங்கிருந்தோ வரும் ஒரு 'டிக்'. நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறினால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு 'டிக்'. ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாலம் அது. இறங்குவதற்குள் தலைவலி வந்துவிடுகிறது.

டோர் பேடுக்கு ஒரு சொட்டில் ஒட்டும் பசையை விட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் பழையபடி வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. பசை விட்ட இடத்தைச் சுற்றி விபூதி பூசியது போல வெள்ளை வேறு. அடுத்து எபாக்சி, அந்த இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து போடலாமா? கூரைத் துணிக்கு ஸ்பிரே பசை அடிக்கலாமா?

மேலமாசி மைனர் | ஞாயிறு, காலை 8:02

சீட் கவர் கடையில் விட்டால் அரை நாளில் முடித்துத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு, இருக்கிற கிளிப்பையும் உடைத்துக்கொண்டு, கடைசியில் அதே கடைக்குத்தான் போகப்போகிறீர்கள். நானும் அப்படிப் போனவன்தான். அனுபவத்தில் சொல்கிறேன்.

பழைய ஸ்டெப்னி | திருநகர் | ஞாயிறு, காலை 8:45

தம்பி, முதலில் பசை டப்பாவை மூடி அலமாரியில் வையுங்கள்.

நான் முப்பது வருடம் குஷன் வேலை பார்த்தவன். கண் மங்கியதால் கடையை மகனிடம் கொடுத்துவிட்டேன். டோர் பேடைக் கம்பெனியில் பசை போட்டு ஒட்டுவதில்லை. பின்பக்கம் ஏழெட்டு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். அவை கதவுத் தகட்டின் ஓட்டைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடிப்பக்கம் பிரிந்து நிற்கிறது என்றால் அங்குள்ள கிளிப்புகளின் தலை முறிந்திருக்கிறது என்று பொருள். கிளிப் செய்கிற வேலையைப் பசையால் செய்ய முடியாது. கதவைச் சாத்துகிற ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஓர் அடி விழுகிறது. கிளிப் சற்று வளைந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும். காய்ந்து கண்ணாடியாகிவிட்ட பசைக்கு வளையத் தெரியாது.

கழற்றுவதற்கு முன்னால் திருகுகளைத் தேடுங்கள். உள் கைப்பிடிக்குப் பின்னால் நகத்தளவு மூடி ஒன்று இருக்கும், அதற்குள் ஒன்று. கையை வைத்து இழுக்கும் குழியின் அடியில் ஒன்று. மூன்றைக் கண்டுபிடித்ததும் முடிந்தது என்று நினைப்பீர்கள். நான்காவது எங்காவது ஒளிந்திருக்கும். பேட் ஓர் இடத்தில் மட்டும் வர மறுத்தால் இழுக்காதீர்கள், திருகைத் தேடுங்கள். திருகு எல்லாம் வெளியே வந்த பிறகு அடி மூலையில் பிளாஸ்டிக் நெம்புகோலை விட்டு நெம்ப வேண்டும். கிளிப்புக்கு எவ்வளவு பக்கத்தில் நெம்புகிறீர்களோ அவ்வளவு நல்லது. நடுவில் பிடித்து இழுத்தால் பேட் வளையுமே தவிர கிளிப் வராது. திருப்புளியை வைத்து நெம்பினால் பெயிண்ட் போகும். அந்த இடத்தில் பிறகு துரு பிடிக்கும்.

அடிப்பக்கமும் இரண்டு ஓரங்களும் விட்டதும் பேடை மேல்நோக்கித் தூக்குங்கள். உடனே இழுத்துவிடாதீர்கள். கண்ணாடி சுவிட்சின் வயர் இன்னும் மாட்டியிருக்கும்.

நான்காம் கியர் | மாட்டுத்தாவணி | ஞாயிறு, காலை 9:30

ஐயா சொல்வது பவர் விண்டோ வண்டிக்கு. பின் கதவில் இன்னும் கையால் சுற்றும் கண்ணாடி என்றால் என்ன செய்வது? என் வண்டியில் அந்தச் சுற்றுக் கைப்பிடி எந்தப் பக்கம் இழுத்தாலும் வரவில்லை.

பழைய ஸ்டெப்னி | ஞாயிறு, காலை 10:05

அதற்கு ஒரு வேட்டிக் கிழிசல் போதும். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே உள்ள சந்தில் துணியைச் செருகி, இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல இப்படியும் அப்படியும் இழுங்கள். உள்ளே குதிரை லாடம் போல ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். அதன் நுனி துணியில் சிக்கிக்கொண்டு வெளியே வரும். 'டிங்' என்று தெறித்து ஓடும், கவனம். அதற்காகத்தான் கடையில் கீழே ஒரு பழைய போர்வையை விரித்து வைப்போம். எங்கள் கடைப் பையன்கள் அந்தக் கிளிப்பைத் தேடியே பாதி வாழ்நாளைக் கழித்திருக்கிறார்கள்.

மல்லிகைப்பந்தல் | கே.கே. நகர் | ஞாயிறு, பகல் 12:20

கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்பு ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எபாக்சி கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

பேடைக் கழற்றியதும் பின்பக்கத்தைப் பாருங்கள். அம்புக்குறிகளுக்கு நடுவே இரண்டு மூன்று எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். பி.பி. என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். எபாக்சியாக இருந்தாலும் வேறு எந்தச் சாதாரணப் பசையாக இருந்தாலும் அதில் சரியாகப் பிடிக்காது. எண்ணெய் தேய்த்த தோலில் பிளாஸ்திரி ஒட்டுவது போலத்தான். காய்ந்ததும் நகத்தால் உரித்துவிடலாம். ஏ.பி.எஸ். என்று இருந்தால் அது வேறு வகைப் பிளாஸ்டிக், எபாக்சி நன்றாகப் பிடிக்கும். உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிட்டுப் போட வேண்டும். உங்கள் முதல் பசை தோற்றதைப் பார்த்தால் பி.பி. என்றே நினைக்கிறேன். அந்த வெள்ளைப் படிவு பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து படிந்தது.

பி.பி.யில் கிளிப் உட்காரும் மாடமே உடைந்திருந்தால் பசையை விட்டுவிட்டுச் சூட்டைப் பயன்படுத்துங்கள். சால்டரிங் அயர்னால் இரண்டு பக்கத்தையும் உருக்கி, மெல்லிய கம்பி வலைத் துண்டு ஒன்றை உள்ளே அமுக்கி, அதே வகைப் பிளாஸ்டிக் துண்டை மேலே உருக்கி மூடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முனையை எடுத்து எடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் முன்பக்கத்தில் பளபளவென்று தடம் தெரியும். என் மாமனார் வண்டியில் அப்படி ஒரு தடம் இருக்கிறது. யார் செய்தது என்று கேட்காதீர்கள்.

மேலமாசி மைனர் | ஞாயிறு, பகல் 1:15

எழுத்து தெரியவில்லை என்றால் சுலபமான வழி இருக்கிறது. ஒரு சிராய் வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பி.பி., மூழ்கினால் ஏ.பி.எஸ்.

மல்லிகைப்பந்தல் | ஞாயிறு, பகல் 2:40

சுத்தமான பி.பி. மிதக்கும், உண்மைதான். வண்டிக்குள் வருவது பெரும்பாலும் டால்க் என்ற கல்பொடி கலந்த பி.பி. பி.பி. எழுத்துக்குப் பின்னால் டி20 என்று போட்டிருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டால்க் என்று பொருள். அது தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது, மூழ்கிவிடும். மிதக்கும் சோதனையை நம்பி ஏ.பி.எஸ். என்று முடிவு கட்டினால் மறுபடி பசையில் போய் விழுவீர்கள். கொளுத்திப் பார்ப்பது மேல்: பி.பி. மெழுகுவத்தி வாசனையோடு எரியும், ஏ.பி.எஸ். கரும்புகை கக்கும். சின்னச் சிராயை வெளியே வைத்து மட்டும் செய்யுங்கள்.

மேலமாசி மைனர் | ஞாயிறு, பகல் 2:52

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனாலும் கடைதான்.

நெறியாளர் | ஞாயிறு, மாலை 4:00

கடைக்காரர் ஒருவரின் கைபேசி எண்ணைப் பதிந்த இடுகை நீக்கப்பட்டது. எண்கள் வேண்டாம்.

வைகைக்கரையான் | ஞாயிறு, இரவு 8:30

கழற்றிவிட்டேன். ஐயா சொன்ன நான்காவது திருகு கண்ணாடி மூலையில் முக்கோண மூடிக்குப் பின்னால் இருந்தது.

உள்ளே பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒன்பது கிளிப்பில் ஆறு முறிந்திருந்தது. முறிந்த தலைகளில் ஐந்து கதவின் அடியில், கருத்த சேற்றோடு கிடந்தன. குலுக்கினால் சோழி உருட்டுவது போலச் சத்தம். எனக்கு அதிர்ச்சி தந்தது அது அல்ல. பேடுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கிறதே, அதை முன்பு கண்ணாடி மோட்டார் வேலை பார்த்தவர் பாதியில் பிளேடால் கிழித்துவிட்டு, கிழிந்த இடத்தில் மதுரைப் பதிப்பு நாளிதழ் ஒன்றை மடித்துச் செருகியிருக்கிறார். 2019 ஆகஸ்ட் மாதத்து இதழ், விளையாட்டுப் பக்கம். ஒவ்வோர் ஐப்பசியிலும் ஓட்டுநர் காலடித் தரைவிரிப்பு ஏன் நனைகிறது, ஏன் நாறுகிறது என்று அப்பா நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏ.சி. தண்ணீர் என்று சொல்லி இரண்டு முறை பணம் வாங்கியிருக்கிறார்கள்.

எழுத்து பி.பி. டி20 என்றே இருக்கிறது. அக்காவுக்கு வணக்கம்.

பழைய ஸ்டெப்னி | திங்கள், காலை 6:50

அந்தத் தாளை லேசாக நினைக்காதீர்கள் தம்பி. கண்ணாடியில் வழியும் மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போக வேண்டும் என்பதுதான் அமைப்பு. தாள் கிழிந்தால் தண்ணீர் உள்ளே வருகிறது. கனமான பாலித்தீன் தாளைப் பழைய தாளின் அச்சில் வெட்டிக்கொள்ளுங்கள். சுற்றிலும் இருக்கும் கரும்பசையைத் துடைத்து எறியாதீர்கள். வெயிலில் காட்டினால் இளகும், அதிலேயே திரும்ப ஒட்டலாம். அடி ஓட்டைகளில் சேறு அடைத்திருக்கும், தென்னங்குச்சியால் குத்திவிடுங்கள்.

கிளிப் வாங்கும்போது முறியாத மூன்றில் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கழுத்தின் தடிமனும் தலையின் அகலமும் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் ஆடும். ஆறு வேண்டும் என்றால் பத்து வாங்குங்கள். காயலாங்கடையில் முழு பேடே கிடைக்கும், ஆனால் அதிலும் கிளிப் முறிந்துதான் இருக்கும்; புதிய கிளிப்பே மேல். வெயில் ஏறிய பிறகு மாட்டுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இணங்கும். ஒவ்வொரு கிளிப்பும் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளங்கையால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்.

நான்காம் கியர் | திங்கள், பகல் 11:10

கூரைத் துணிக்கு என் வழி: குண்டூசி. வண்ணத் தலை வைத்த ஊசிகளை வரிசையாகக் குத்திவிட்டேன். பயணிகள் நட்சத்திரம் போல இருக்கிறது என்கிறார்கள். ஒரு பாட்டி மட்டும் மாட்டுத்தாவணியிலிருந்து அழகர்கோவில் வரை தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டே வந்தார்.

பழைய ஸ்டெப்னி | திங்கள், பகல் 11:40

அந்தப் பாட்டிக்கு உள்ள அறிவு உங்களுக்கு இல்லை. திடீர் பிரேக் போட்டால் அந்த ஊசி எங்கே போகும்?

கூரைத் துணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எல்லாரும் பணத்தை விடும் இடம் இது. துணி நேரடியாக அட்டையில் ஒட்டியிருப்பதில்லை. துணியின் முதுகில் மெல்லிய ஸ்பாஞ்சு இருக்கும். அந்த ஸ்பாஞ்சுதான் அட்டையில் ஒட்டியிருக்கும். பத்து வருட வெயிலிலும் புழுக்கத்திலும் அந்த ஸ்பாஞ்சு மக்கிவிடுகிறது. தொங்கும் துணிக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள், மஞ்சள் பொடி வரும். பசை அங்கே விட்டுப்போகவில்லை, ஸ்பாஞ்சு செத்துவிட்டது. அதன் மேல் ஸ்பிரே அடிப்பது புழுதித் தரையில் தபால்தலை ஒட்டுகிற வேலை. இரண்டு வாரத்தில் துணி கறையோடு இறங்கும்.

சரியான வழி அட்டையை வெளியே எடுப்பதுதான். சன் வைசர், கைப்பிடிகள், விளக்கு, கூரையைத் தாங்கும் தூண்களின் மேல் உள்ள பில்லர் மூடிகள் எல்லாம் கழற்ற வேண்டும். முன்னிருக்கைகளைச் சாய்த்து, பின் கதவு வழியாக இரண்டு பேர் பிடித்து எடுக்க வேண்டும். ஒருவர் போதாது. அட்டை நடுவில் மடிந்தால் அந்தக் கோடு எந்தத் துணி போட்டாலும் தெரியும். பழைய துணியை உரித்துவிட்டு, மிச்ச ஸ்பாஞ்சைத் துணி துவைக்கும் பிரஷால் தேய்த்து எடுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அட்டை கை வைத்தால் பொடி ஒட்டாத அளவுக்கு ஆக வேண்டும். இந்த வேலையின் முக்கால் பங்கு இதுதான்.

புதிய துணி ஸ்பாஞ்சு ஒட்டியதாகவே கடையில் கிடைக்கும். அதிகச் சூடு தாங்கும் என்று டப்பாவில் போட்ட ரப்பர் பசை வாங்குங்கள். அட்டையிலும் ஸ்பாஞ்சிலும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும் வரை பொறுங்கள். பிறகுதான் சேர்க்க வேண்டும். ஈரத்தில் சேர்த்தால் பசை துணியில் ஊறி வெளியே தெரியும். நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள். கை வைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளும், எடுத்து மறுபடி வைக்க முடியாது. நிழலில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

மல்லிகைப்பந்தல் | திங்கள், மாலை 6:15

'அதிகச் சூடு' என்பதை ஐயா போகிறபோக்கில் சொல்லிவிட்டார். எண்ணைப் பார்த்தால் புரியும். அமெரிக்காவின் அரிசோனாவில் கோடை வெயிலில் நிறுத்திய வண்டிகளை அளந்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு மணி நேரத்தில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ். அந்த ஊரும் நம் கத்திரி வெயில் போல 38 டிகிரிக்கு மேல் காயும் ஊர்தான். துப்பாக்கியில் உருக்கி விடும் குச்சிப் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். அதை டேஷ்போர்டில் போட்டு அனுப்பும் கடைக்காரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

பில்லர் மூடியைத் தொடுவதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம். மூடியில் ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே திரை ஏர்பேக், அதாவது பக்கக் கண்ணாடியை மறைத்துத் திரை போல விரியும் ஏர்பேக், ஓடுகிறது. அந்த மூடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகளில் சில ஒரு முறை கழற்றினால் மாற்றியே ஆக வேண்டியவை; ஏர்பேக் வெடிக்கும்போது மூடி பறந்து முகத்தில் அடிக்காமல் பிடித்து நிறுத்துவது அவைதான். அங்கே பசை, திருகு, வேறு வண்டிக் கிளிப் எதுவும் கூடாது. ஏர்பேக் வயரின் மஞ்சள் இணைப்பான் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். இந்த ஒரு விஷயத்தில் மைனர் பக்கம்தான் நான்.

மேலமாசி மைனர் | திங்கள், மாலை 6:20

இந்த இடுகையைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன்.

வைகைக்கரையான் | சனி, இரவு 9:45

என் வண்டியில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் மட்டும்தான், பில்லரில் இல்லை. கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டே தொட்டேன்.

டோர் பேட் முடிந்தது. கதவைச் சாத்தினால் ஒரே சத்தம், கெட்டியாக. கூரைத் துணிக்கு இரண்டு நாள் ஆனது. பொடி தேய்த்ததில் நானும் மச்சானும் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போய் வந்தவர்கள் போல ஆகிவிட்டோம். விளக்கு ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்துவிட்டது. அத்தை பார்த்துவிட்டு, "இதற்குத்தான் இரண்டு நாளா?" என்று கேட்டார்.

அந்த 'டிக்' மட்டும் போகவில்லை. மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் இடமாக உள்ளங்கையால் அழுத்தியபடி நத்தம் பாலத்தில் மூன்று முறை போய் வந்தோம். பயணிக்கு முன்னால் உள்ள குளவ் பாக்ஸ் பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, மூடியின் ரப்பர்களுக்கு அடியில் துணி டேப் ஒட்டினேன். ஏ.சி. வாய்களின் ஓரத்தில் ஒட்டினேன். அப்படியே இருக்கிறது.

நான்காம் கியர் | சனி, இரவு 10:10

டேஷ்போர்டின் மேல் என்ன வைத்திருக்கிறீர்கள்?

வைகைக்கரையான் | சனி, இரவு 10:14

பிள்ளையார்.

நான்காம் கியர் | சனி, இரவு 10:15

அவரைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை போய் வாருங்கள்.

வைகைக்கரையான் | ஞாயிறு, காலை 7:30

பிள்ளையார்தான். இரட்டைப் பக்க டேப்பின் ஒரு மூலை வெயிலில் காய்ந்து விட்டுப்போயிருக்கிறது. பீடம் டேஷ்போர்டில் தட்டுகிறது. விரலை வைத்தால் சத்தம் நிற்கிறது, எடுத்தால் வருகிறது. இனி புது டேப் ஒட்டினால் போதும்தானே?

மல்லிகைப்பந்தல் | ஞாயிறு, காலை 8:20

ஒட்டுவதற்கு முன் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். பயணி பக்க ஏர்பேக் மூடிக்கு மேலேயா?

வைகைக்கரையான் | ஞாயிறு, காலை 8:41

சரியாக அதன் நடுவில். 2013-இல் அப்பா வைத்தது.

மல்லிகைப்பந்தல் | ஞாயிறு, காலை 9:00

ஏர்பேக் விரிந்து முடிக்க ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூடத் தேவைப்படாது. மேலே இருக்கும் கல் பொம்மை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குத்தான் வரும். நடுவில், மூடி இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள். அப்பாவிடம் சொல்வது உங்கள் பொறுப்பு.

பழைய டேப்பைக் கத்தியால் சுரண்டாதீர்கள். அடியில் நூலை விட்டு ரம்பம் போல இழுத்தால் அறுபடும். புதிய இடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, த்ரீ எம் வி.எச்.பி. போன்ற அக்ரிலிக் டேப்பை ஒட்டி நன்றாக அழுத்துங்கள். முதல் 20 நிமிடத்தில் பாதி பலம்தான் வரும், முழுப் பலத்துக்கு 72 மணி நேரம். அதுவரை வண்டி நிழலில் நிற்கட்டும். டேஷ்போர்டு பி.பி.யாக இருந்தால் டேப் பிடிப்பதற்காக அடியில் பூசும், அந்த டேப்புக்கென்றே விற்கும் பிரைமரை முதலில் தடவ வேண்டும்.

வைகைக்கரையான் | வியாழன், இரவு 8:05

அப்பா நாள்காட்டியைப் பார்த்து இன்று காலை நல்ல நேரத்தில் எடுக்கச் சொன்னார். வீட்டில் இருந்த பூக்கட்டும் நூலால் அறுத்துப் பார்த்தோம். இரண்டே இழுப்பில் அறுந்தது நூல்தான். வைகையில் மீன் பிடிக்கும் பக்கத்து வீட்டுப் பையனிடம் தூண்டில் நரம்பு வாங்கி இழுத்ததும் பிள்ளையார் அசைந்து கொடுத்தார். இப்போது பாட்டுப் பெட்டிக்கு மேலே, நடுவில் இருக்கிறார். ஞாயிறு வரை வண்டியை எடுக்கப்போவதில்லை.

ஒரு கேள்வி மிச்சம். அவர் இருந்த இடம் மட்டும் சதுரமாகக் கருப்பாக இருக்கிறது, சுற்றிலும் வெளுத்திருக்கிறது. பளபளப்பாக்கும் சிலிகான் பாலிஷ் போட்டால் சமமாகுமா?

பழைய ஸ்டெப்னி | வெள்ளி, காலை 6:30

போடாதீர்கள். முன் கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசும். அதன் மேல் எந்த டேப்பும் ஒட்டாது. நடுவில் இருப்பவரும் இறங்கிவிடுவார். ஈரத் துணியால் துடைத்தால் போதும். இரண்டு கத்திரி போனால் அந்தச் சதுரமும் வெளுத்துவிடும்.